பேச்சாயியும் பின்னுக்குப் போகாத காரும்

பேச்சாயியின் முழம் பொய் முழம் என்பது திண்டுக்கல் கடைவீதியில் பூ வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளக்க வேண்டிய சரத்தை, அவள் முழங்கைக்கு இரண்டு விரற்கடை இப்பாலேயே தொடங்கிவிடுவாள். முடிகிற இடத்தில் விரலையும் லேசாக மடக்கிக்கொள்வாள். கேட்டால், ஆண்டவன் எனக்குக் கொடுத்த கை இம்புட்டுத்தான், குறை இருந்தால் அவனிடம் போய்க் கேளுங்கள் என்பாள். யாரும் சண்டைக்குப் போனதில்லை. அவள் பேச்சைக் கேட்பதற்காகவே அவளிடம் வாங்குகிற கூட்டம் ஒன்று இருந்தது. பூவில் குறைந்ததை அவள் பேச்சில் நிரப்பி அனுப்பினாள். இந்தப் பொய் முழத்தால் திண்டுக்கல்லுக்கு ஒரு சாஸ்திரமே புதிதாக வந்து சேர்ந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நடந்தது அதுதான்.

அவள் புருஷன் சடையாண்டி லாரிகளுக்கு பாடி கட்டுகிறவன். சாணார்பட்டிப் பக்கம் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. காட்டு வேலைக்கு உடம்பு வணங்காமல் டவுனுக்கு ஓடிவந்து, மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடக் கற்றுக்கொண்டு, பிறகு லாரிக்கு மரத்தில் பாடி கட்டப் பழகி, பழனி ரோட்டில் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டவன். கை நல்ல கை. வாய் அதைவிட நல்ல வாய். தெரியாது, தப்பாகிவிட்டது என்ற இரண்டு சொற்களை மட்டும் அந்த வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கதவு கோணலாக நின்றால், காற்று வாட்டம் பார்த்து வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன் என்பான். கேட்டவன் தலையை ஆட்டிக்கொண்டு போவான்.

அவர்கள் கல்யாணம் யுத்தம் முடிந்த வருஷத்தில் நடந்தது. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் வெங்காய மூட்டை ஏற்றின மாட்டுவண்டியில், மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்துதான் திண்டுக்கல்லுக்கு வந்தார்கள். கடைவீதிக்குள் நுழைகிறபோது மூடியில்லாத கார் ஒன்று அவர்களைத் தாண்டிப் போயிற்று. பின்சீட்டில் யாரோ ஒரு பணக்கார வீட்டம்மாள் சேலைத் தலைப்பு படபடக்க உட்கார்ந்திருந்தாள். கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பேச்சாயியும் கழுத்து சுளுக்குகிற மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏ புள்ள, இதே மாதிரி மூடியில்லாத கார்ல ஒன்னைய வச்சு இந்தக் கடைவீதியச் சுத்திக் காட்டலேன்னா எம் பேரு சடையாண்டி இல்ல."

புருஷன் அவளிடம் முதன்முதலாகப் பேசிய பேச்சு அதுதான். பேச்சாயி அதை அப்படியே மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள். கார் என்றால் அவளுக்கு மூடியில்லாத கார்தான். மூடின காருக்குள் போனால், போனது யாருக்குத் தெரியும்?

எட்டு ஒன்பது வருஷம் ஓடிற்று. அய்யம்மாள் என்று ஒரு பெண்ணும் அவளுக்குக் கீழே ஒரு பையனும் பிறந்தார்கள். பேச்சாயி காலையில் பூ விற்றாள். மத்தியானத்துக்கு மேல் கொட்டகையில் துருத்தி ஊதினாள். மாதத்துக்கு ஒருமுறையாவது, எங்கே கார் என்று கேட்டாள். கோபமாக இல்லை, வெஞ்சனத்துக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் கேட்பாள். சடையாண்டிக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது.

ஒருநாள் அவன் வேலை விஷயமாக பேகம்பூரில் தோல் வியாபாரி நைனா முகமது வீட்டுக்குப் போனான். வீட்டு வளவில், புளியமரத்தடியில், மூடியில்லாத கார் ஒன்று செத்துக் கிடந்தது. என்றைக்கோ வாய்க்கால் சுவரில் மோதி அடிச்சட்டம் முறிந்துபோன கார். எஞ்சினைக் கழற்றி விற்றாயிற்று. மேலே இருந்த பாடி மட்டும் ஒரு நசுங்கல்கூட இல்லாமல், வளைந்த கதவுகளும் மடக்குக் கூரையுமாக அழகு குலையாமல் இருந்தது. சடையாண்டிக்கு உடனே தன் கொட்டகைக்குள் நிற்கிற பட்டாளத்து லாரி ஞாபகத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்த சின்ன லாரி அது. மரப் பாடியைக் கறையான் தின்றுவிட்டது. எஞ்சினும் சக்கரமும் அடிச்சட்டமும் கல்லாட்டம் இருந்தன. இந்தத் தலையை அந்த உடம்பில் வைத்தால் என்ன?

நைனா முகமது எடுத்துக்கொண்டு போ என்றுவிட்டார். அவர் மனைவி அஜீஸுன்னிசாதான் சம்மதிக்கவில்லை. பின்சீட்டில் அவளுடைய கோழிகள் குடியிருந்தன. கார் போய்விட்டால் கோழிகள் எங்கே போய் முட்டையிடும் என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். நியாயமான கேள்விதான். சடையாண்டி கொஞ்சமும் யோசிக்காமல், மாடி வைத்த கோழிக்கூண்டு ஒன்று தேக்கிலேயே செய்து தருவதாக வாக்குக் கொடுத்தான். கோழிக்கூண்டு கொடுத்துக் கார் வாங்கினவன் அந்த ஜில்லாவிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

பாடி சட்டத்தில் உட்காருமா என்று பார்க்க வேண்டுமே. கையில் டேப் இல்லை. சடையாண்டி தன் கையாலேயே அளந்தான். பாடி ஆறரை முழம் வந்தது. கொட்டகையில் இருக்கிற சட்டம் எத்தனை முழம் என்று அவனுக்குத் தெரியாது. தோல் ஏற்றிக்கொண்டு பழனி ரோட்டுப் பக்கம் போகிற வண்டிக்காரனிடம், எஞ்சினுக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் சட்டம் எத்தனை முழம் என்று பேச்சாயியை அளந்து சொல்லச் சொல்லி அனுப்பினான். பேச்சாயி பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, லட்சணமாக அளந்தாள். ஏழு முழம். வண்டிக்காரன் திரும்பி வருகிற வழியில் பேகம்பூரில் சொல்லிவிட்டுப் போனான். அரை முழம் மிச்சமே இருக்கிறது என்று சடையாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. கோழிக்கூண்டைச் செய்து கொடுத்தான், கோழிகள் புதுக்குடி புகுந்தன, பாடி மாட்டுவண்டியில் ஏறிப் பழனி ரோடு வந்து சேர்ந்தது.

நாலு பேர் தூக்கிச் சட்டத்தின் மேல் வைத்தார்கள். பாடி பின்பக்கம் ஒரு சாணுக்கு மேல் அந்தரத்தில் தொங்கிற்று. சடையாண்டி குனிந்து தன் கையால் சட்டத்தை அளந்தான். ஆறு முழம்கூட இல்லை. நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான்.

"பூ அளக்குற முழத்துலயா அளந்த?"

"எனக்கு இருக்கிறது அந்த ஒரு முழந்தான்" என்றாள் பேச்சாயி.

சொல்லிவிட்டாளே தவிர, மனசுக்குள் திக்கென்றிருந்தது. தன் காருக்கு, தானே குறைமுழம் போட்டுவிட்டாள். சடையாண்டியோ ஒன்றும் நடக்காததுபோல, பாடியை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, குறுக்கே மரக்கட்டைகள் கொடுத்து, போல்ட் போட்டு இறுக்கிவிட்டான். லாரியின் சப்பை மூக்குக்கும் காரின் ஒல்லி இடுப்புக்கும் நடுவில் தகரத்தை வளைத்து ஒட்டுப்போட்டான். எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்தபோதுதான் வினை தெரிந்தது. முன்சீட்டு கியர் லிவரை ஒட்டி வந்து நின்றது. ரிவர்ஸ் போட லிவரைப் பின்னுக்கு இழுத்தால் சீட்டுப் பலகையில் இடித்தது. பலகையை வெட்டினால் கதவு நிற்காது. லிவரை வளைத்துப் பார்த்தான். ரிவர்ஸ் விழுந்தது, முதல் கியர் விழவில்லை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று ஆனது.

சடையாண்டி முதல் கியரை வைத்துக்கொண்டான். அதற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகை விடுகிற திறந்த கார் திண்டுக்கல்லில் அப்போது ஒன்றே ஒன்று, பொம்மையனுடையது. நல்ல கார்தான். ஆனால் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு நின்று நின்று நடந்தால், அந்த வேகத்துக்குக் கார் ஊர முடியாது. பாதி வழியில் கொதித்து நீராவி விடும். மாப்பிள்ளையின் சித்தப்பன் பெரியப்பன் எல்லாம் சேர்ந்து தள்ளிக்கொண்டு போவார்கள். லாரியின் முதல் கியரோ மனுஷன் நடையைவிட மெதுவாகப் போகும், நாள் முழுக்கப் போனாலும் கொதிக்காது. அந்தத் தொழிலைப் பிடித்துவிடலாம் என்று சடையாண்டி கணக்குப் போட்டான். ஆனால் முதல் சவாரி பேச்சாயிக்குத்தான் என்றும் சொன்னான். மனசாரத்தான் சொன்னான்.

காருக்கு மாம்பழ மஞ்சளில் வர்ணம் அடித்து முடித்த அன்றைக்குப் பேச்சாயி தலைக்குக் குளித்து, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலைக்குப் பூ வைத்தாள். அன்றைக்கு மட்டும் நிஜ முழம் அளந்து வைத்துக்கொண்டாள். கொட்டகை வாசலுக்கு அவள் வருவதற்கும், பொம்மையன் கார் நடுத்தெருவில் கொதித்துப்போய் நிற்கிறது, மாப்பிள்ளை வெயிலில் வாடுகிறார் என்று ஒரு கூட்டம் ஓடி வருவதற்கும் சரியாக இருந்தது. சடையாண்டி அவளைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். செத்த நேரம் பொறு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் செத்த நேரம் பதினோரு வருஷம் ஆயிற்று.

அந்த முதல் கல்யாணத்தில்தான் சாஸ்திரம் பிறந்தது. கார் பந்தல் வாசலுக்கு வந்து நின்றதும், ஆரத்தி எடுக்க இடம் போதவில்லை, கொஞ்சம் பின்னால் எடு என்றார் பெண்ணின் தாய்மாமன். சடையாண்டிக்கு வியர்த்துவிட்டது. ரிவர்ஸ் இல்லை என்று சொன்னால் தொழில் அன்றைக்கே படுத்துவிடும். வாயோ எப்போதும்போல அவனுக்கு முன்னால் ஓடிற்று.

"மாப்பிள்ளை ஏறுன வண்டி பின்னுக்குப் போகலாமாய்யா? வாழப்போறவுகளுக்கு ஆகுமா அது?"

வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெரியவர், ஆமாம், எங்கள் அய்யா காலத்திலேயே சொல்லுவார்கள் என்றார். பக்கத்திலிருந்தவர், தனக்கும் தெரியும், இவனாவது ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறானே என்றார். தாய்மாமன் பந்தக்காலையே பிடுங்கி இரண்டடி தள்ளி நட்டார்.

அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்குள் வேடசந்தூர் வரைக்கும் பரவிவிட்டது. கல்யாணம் பேச வருகிறவர்கள் பொம்மையனிடம், உன் கார் பின்னுக்குப் போகுமா என்று கேட்டார்கள். போகும் என்று பெருமையாகச் சொன்னான் பாவம். அப்படியானால் வேண்டாம் என்று எழுந்து போனார்கள். கடைசியில் அவனும் கியர் லிவரில் மஞ்சள் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, ரிவர்ஸைக் கட்டிப்போட்டாயிற்று என்று எல்லோருக்கும் காட்ட வேண்டி வந்தது.

லாரிச் சட்டத்தில் ஏறியதால் கார் உயரமாக இருந்தது. மாப்பிள்ளை உட்கார்ந்தால் தெருக்கோடி வரைக்கும் தெரிவார். அதற்காகவே கேட்டு வந்தார்கள். எந்தெந்த ஊர் மாப்பிள்ளைகளோ, மாலையும் கழுத்துமாகப் பேச்சாயியின் காரில் கடைவீதியைச் சுற்றி வந்தார்கள். பேச்சாயி பூக்கூடைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகூர்த்தம் முடிந்ததும், அடுத்தது நீதான் என்றான் சடையாண்டி. அடுத்தது வேறு மாப்பிள்ளையாக இருந்தது.

கார் ஓடத் தொடங்கின முதல் வருஷத்து மாசித் திருவிழாவுக்குப் பேச்சாயியின் அண்ணன் வீட்டிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் சாணார்பட்டியிலிருந்து கிளம்பி வந்து, எங்களைக் காரில் கோயிலுக்குக் கூட்டிப் போ என்று கொட்டகை வாசலில் நின்றார்கள். இத்தனை பேரை ஏற்றினால் சீட்டு என்னத்துக்கு ஆகும் என்று சடையாண்டிக்குப் பயம். மாப்பிள்ளை உட்காருகிற சீட்டில் பெண்கள் உட்காரக் கூடாது, தோஷம் என்று இன்னொரு சாஸ்திரத்தை எடுத்து விட்டான். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தே போனார்கள். அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பினால் பேச்சாயி நின்றுகொண்டிருந்தாள். தான் சொன்னது யார் தலையில் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஏழெட்டுப் பேர் காதில் விழுந்த பிறகு பேச்சை எப்படித் திருப்பி எடுப்பது? அவன் பேச்சுக்கும் ரிவர்ஸ் கிடையாது.

அடுத்த முகூர்த்தத்தன்று அவன் இலையில் சோறும் ரசமும் மட்டும் விழுந்தது. வெஞ்சனம் எங்கே என்று கேட்டான். மாப்பிள்ளை கார் ஓட்டுகிறவன் முகூர்த்த நாளில் வெஞ்சனம் தொடக் கூடாதாம், சாஸ்திரமாம் என்றாள். யார் சொன்னது என்று கேட்க அவன் வாயைத் திறந்தான். அந்தக் கேள்வியைக் கேட்டால் அது எங்கே போய் முடியும் என்று தெரிந்ததால் மூடிக்கொண்டான். அன்றிலிருந்து முகூர்த்த நாளெல்லாம் அவனுக்கு வெறும் ரசச்சோறு.

அண்ணன் பெண்டாட்டி ஒருதடவை கேட்டாள், ஆள் இல்லாதபோது கொட்டகைக்குள் போய்க் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதானே என்று. பேச்சாயி தினமும் அந்தச் சீட்டைத் துடைக்கிறவள்தான். வெளியே நின்று எக்கித்தான் துடைப்பாள்.

"நின்ன கார்ல உக்காந்தா அது பெஞ்சு. அப்படித்தான் பேகம்பூர்க் கோழிக உக்காந்திருந்துச்சு" என்றாள்.

அய்யம்மாளுக்குப் பத்தொன்பது வயதில் தொப்பம்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வந்தது. பெயர் உடையப்பன். பழனியில் பஸ் கண்டக்டர். பையன் சாது. அவனை வளர்த்த அத்தை கண்ணம்மாள் அப்படியில்லை. வரதட்சிணை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. சாஸ்திரம் மட்டும் ஒன்று விடாமல் நடக்க வேண்டும் என்றாள். பின்னுக்குப் போகாத காரில்தான் மாப்பிள்ளை அழைப்பு என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாள். சடையாண்டி மீசையைத் தடவிக்கொண்டான்.

கல்யாணம் பெண் வீட்டு வாசலில், தெருவிலேயே பந்தல் போட்டு நடந்தது. அந்தத் தெரு மலைக்கோட்டை அடிவாரத்துக்குப் போகிற தெரு. இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லாத சந்து. காலை முகூர்த்தம். பெண்ணைப் பெற்றவன் பந்தலில் நின்று வரவேற்க வேண்டியவன்தான். ஆனால் அந்தக் காரை வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சடையாண்டி விட்டிருக்க மாட்டான். ஜரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு தானே ஸ்டீரிங்கைப் பிடித்தான். மேளம் முன்னால் போக, கார் ஊர்ந்து வந்தது. பேச்சாயி ஆரத்தித் தட்டோடு பந்தல் வாசலில் நின்றாள்.

மாப்பிள்ளையின் கூட்டாளிகள் கண்டக்டர் பையன்கள். பந்தலுக்குப் பக்கத்தில் வந்ததும் சரவெடியை நீளத்துக்கு விரித்துக் கொளுத்தினார்கள். சந்து முழுக்கப் புகை. மேளக்காரர்கள் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்கள். சடையாண்டிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று நிறுத்துகிற சுபாவம்தான் அவனுக்கு இல்லையே. புகை கலைந்தபோது கார் பந்தலைத் தாண்டி நாலு வீடு தள்ளி நின்றது.

எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை இறங்கி நடந்து வரட்டும் என்றார் ஒருவர். பந்தல் வாசலில்தான் கால் தரையில் பட வேண்டும் என்று கண்ணம்மாள் மறித்தாள். அப்படியானால் காரைப் பின்னால் தள்ளிவிடலாம் என்று நாலு பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். கண்ணம்மாள் காருக்குப் பின்னால் போய்க் கைகளை விரித்து நின்றுவிட்டாள். என் பையனைப் பின்னுக்குத் தள்ளி ஒரு கல்யாணம் நடக்க வேண்டாம் என்றாள். உள்ளே ஐயர் முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்குகிறது என்று குரல் கொடுத்தார். மணப்பெண் அய்யம்மாள் அலங்காரத்தோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சடையாண்டி காரிலிருந்து இறங்கினான். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வாழ்க்கையில் சொல்லாததைச் சொன்னான்.

"அத்தாச்சி, அது சாஸ்திரமே இல்ல. அளவு தப்பிப்போச்சு, ரிவர்ஸ் விழல. அதை மறைக்க நானாச் சொன்ன பொய்யி அது."

கண்ணம்மாள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஏனுங்க, மக கல்யாணப் பதட்டத்துல என்னென்னமோ பேசறீங்க. எங்க அம்மாயி காலத்துல இருந்து இருக்கற சாஸ்திரமுங்க இது. நீங்க யாருங்க இல்லைன்னு சொல்றதுக்கு?"

கூட்டம் அவள் பக்கம்தான் தலையாட்டியது. சடையாண்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் சொன்ன பொய்யையெல்லாம் நம்பின ஊர், அவன் சொன்ன ஒரே ஒரு நிஜத்தை நம்பவில்லை. கடைசியாகப் பெண்டாட்டியைப் பார்த்தான். அங்கே அவனை நம்புகிற ஒரே ஆள் அவள்தான். சட்டத்தை அளந்த கை அவள் கை அல்லவா.

பேச்சாயிக்கு மகள் முகமும் தெரிந்தது, நாலு வீடு தள்ளி நிற்கிற மஞ்சள் காரும் தெரிந்தது. ஆரத்தித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். கூட்டம் வழிவிட்டது.

"வாசலத் தாண்டிப்போன மாப்பிள்ளையப் பொண்ணப் பெத்தவ கூட உக்காந்து, மலையச் சுத்தி முன்வழியாக் கூட்டியாரணும். எங்க சாணார்பட்டிப் பக்கம் அப்படித்தேன் வழக்கம்" என்றாள்.

கண்ணம்மாள் யோசித்தாள். மாப்பிள்ளை சீட்டில் பெண்கள் உட்காரக் கூடாது என்று சொல்வார்களே என்று கேட்டாள். பேச்சாயி கண்ணைக்கூட இமைக்கவில்லை. சும்மா உட்கார்ந்தால்தான் தோஷம், ஆரத்தித் தட்டோடு உட்கார்ந்தால் இருக்கிற தோஷமும் போய்விடும் என்றாள். கண்ணம்மாளின் முகம் தெளிந்தது. ஆமாம், எங்கள் பக்கமும் அப்படித்தான், எனக்குத்தான் சட்டென்று ஞாபகம் வரவில்லை என்றாள்.

கார் உயரம். மாப்பிள்ளை உடையப்பன் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். பேச்சாயி ஏறி, சேலையைச் சரிசெய்துகொண்டு, பின்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இருபது வருஷமாக மனசுக்குள் பார்த்துவைத்திருந்த இடம். சடையாண்டி முன்சீட்டிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தபடியே இருந்தான்.

"முன்னால பாத்து ஓட்டுங்க" என்றாள்.

மேளக்காரர்கள் வர மாட்டோம் என்றுவிட்டார்கள். மலையைச் சுற்ற அவர்களுக்கு யார் கூலி கொடுப்பது? அதனால் அந்தக் கார் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு முதன்முறையாக இரண்டாவது கியரைப் பார்த்தது, பிறகு மூன்றாவதையும் பார்த்தது. பேச்சாயியின் சேலைத் தலைப்பு படபடத்தது. ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டாள், மறு கையால் தலைப்பைப் பிடிக்கவில்லை. பறக்கட்டும் என்று விட்டாள். பயமாக இருக்கிறதா என்று மாப்பிள்ளை மரியாதையாகக் கேட்டான். இல்லை மாப்பிள்ளை, கண்ணில் காற்று படுகிறது, அவ்வளவுதான் என்றாள். அவள் கண் கலங்கித்தான் இருந்தது, அதற்குக் காரணம் காற்று இல்லை. பேகம்பூரில் அஜீஸுன்னிசா வாசல் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். பேச்சாயி தட்டை உயர்த்திக் காட்டினாள்.

கடைவீதி அந்த வழியில் இல்லை. மலையைச் சுற்றுவதற்குக் கடைவீதிக்குப் போக வேண்டிய அவசியமே கிடையாது. சடையாண்டி அந்தப் பக்கம் திருப்பினான். பூக்காரிகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். இஞ்ஞாசியம்மாள், பேச்சாயிக்குப் பக்கத்துக் கூடைக்காரி, ஒரு சரம் மல்லிகையை எடுத்து எறிந்தாள். அது பேச்சாயி மடியில் வந்து விழுந்தது. ஒரு முழம் என்று சொல்லி விற்கிற சரம். பார்த்ததுமே குறை தெரிந்தது. பேச்சாயி சிரித்துக்கொண்டே அதைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

கடைவீதியைத் தாண்டித் திரும்புகிறபோது சடையாண்டி, திரும்பாமலே, முன்னால் பார்த்தபடி பேசினான்.

"சொன்னபடி செஞ்சுட்டேனா?"

"நீங்க எங்க செஞ்சீக? நானால்ல செஞ்சுக்கிட்டேன்" என்றாள் பேச்சாயி. கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடியும் சொன்னாள். "மூணு சுத்துதேன் வழக்கம்னு சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாக. பிள்ள காத்துக்கிட்டிருக்கேன்னு ஒண்ணோட விட்டேன்."

மாப்பிள்ளைக்கு இந்தப் பேச்சு புரியவில்லை. முன்சீட்டில் சடையாண்டியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பேச்சாயி எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பார்க்க வேறு நிறைய இருந்தது.

மலையைச் சுற்றிவிட்டு, சந்துக்குள் முதலில் வந்த பக்கமாகவே மறுபடியும் நுழைந்து, கார் பந்தல் வாசலில் ஒரு விரற்கடை பிசகாமல் நின்றது. ஐயர் மந்திரத்தில் பாதியை விழுங்கினார். தாலி நேரத்துக்குள் ஏறிற்று. அன்றைக்குப் பந்தியில் சடையாண்டியின் இலையில் இரண்டு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம் எல்லாம் விழுந்தன. பேச்சாயியே பரிமாறினாள். முகூர்த்த நாளில் வெஞ்சனம் கூடாதே என்று அவன் கேட்கவில்லை.

அதற்கப்புறம் திண்டுக்கல்லில் கொஞ்ச நாளாக ஒரு விநோதம் நடந்தது. சடையாண்டியின் கார் போகிற கல்யாணங்களில் பாதிக்குப் பாதி, கார் பந்தலைத் தாண்டிப் போய் நின்றது. வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவன் மறுக்கவில்லை. நடந்தது வேறு. முகூர்த்தத்துக்கு நாலைந்து நாள் இருக்கையில், பெண்ணைப் பெற்ற ஒருத்தி பூ வாங்குகிற சாக்கில் பேச்சாயியின் கூடை முன்னால் வந்து குந்துவாள். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் சொல்லி வாசலை ஒரு நாலு வீடு தாண்டி நிறுத்தச் சொல்லேன் அக்கா என்பாள். பேச்சாயி சரி என்பாள். அவளுக்கு மட்டும் பூவை நிஜ முழத்தில் அளந்து கொடுப்பாள்.